கூப்பிடாவிட்டால் ஒன்றுமில்லை

குணபூசணிக்குத் தன் கையெழுத்தைப் பற்றி ஒரு கர்வம் உண்டு. அரசாங்க அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் குமாஸ்தாவாக இருந்து, விண்ணப்பப் பாரங்களிலேயே கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஓய்வு பெற்றவள். எழுத்து கட்டத்துக்குள் நிற்க வேண்டும், ஏழு என்று எழுதினால் நடுவில் ஒரு சின்னக் கோடு போட வேண்டும், எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. காலிக் கட்டத்தைக் கண்டால் அவளுக்குக் கை அரிக்கும். இந்தக் கதையில் நடந்த கோளாறெல்லாம் அந்த அரிப்பில்தான் ஆரம்பித்தது.

பிரிக்பீல்ட்ஸில் அவள் சேர்ந்திருந்த நலச் சங்கம், தெருவில் படுத்துறங்கும் பெண்களுக்கு மார்புப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்து வைக்க வேண்டும் என்று போன வருடம் கிளம்பியது. பேனர் கட்டினார்கள். பிரியாணிப் பொட்டலம் கட்டினார்கள். சுங்கை வேயில் இருக்கும் ஒரு தர்ம கிளினிக்கோடு பேசி வேன் ஏற்பாடு செய்தார்கள். வந்தது இரண்டே பேர். அதில் ஒருத்தி பிரியாணியை வாங்கிக்கொண்டு, வேன் பக்கம் திரும்பாமலே போய்விட்டாள்.

"இவங்களுக்கு அக்கறையே இல்ல லா," என்று செயலாளர் சுகுமாறன் கையை உதறினார்.

குணபூசணி உதறவில்லை. சும்மா சொல்லக் கூடாது, அந்த ஒரு விஷயத்தில் அவள் கெட்டிக்காரிதான். மோனோரயில் தூணுக்குப் பக்கத்தில் வாசுவின் ஒட்டுக்கடை, தெருவோரச் சாப்பாட்டுக் கடை, இருக்கிறது. ஒரு மாதம் காலை நேரத்தில் அங்கே போய் உட்கார்ந்து, தே தாரேக் தேநீரை ஆற்றி ஆற்றிக் குடித்தபடி வருகிற போகிற பெண்களிடம் ஏன் வரவில்லை என்று கேட்டாள். பையை விட்டுவிட்டு வந்தால் குப்பை லோரி அள்ளிக்கொண்டு போய்விடும் என்றாள் ஒருத்தி. குளித்து நாலு நாளாச்சு, இந்த உடம்போடு ஒரு டாக்டர் முன்னால் எப்படிச் சட்டையைக் கழற்றுவது என்றாள் இன்னொருத்தி. உள்ளே போட்டிருப்பது கிழிசல் என்று மூன்றாவது ஆள் சொல்லவில்லை. சட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டதில் தெரிந்தது.

ஆக, இந்த வருடம் மார்ச் மாதம் சங்க மண்டபத்தில் பைகளுக்கு டோக்கன் கொடுத்தார்கள். முதலில் குளியல், புதுத் துண்டு, புது உள்ளாடை, காலைப் பசியாறல், அப்புறம்தான் வேன். பத்தொன்பது பேர் வந்தார்கள். குணபூசணிக்குக் கால் தரையில் படவில்லை.

பாரம் நிரப்பும் மேசையில் அவளேதான் உட்கார்ந்தாள். பெயர், ஐசி என்கிற அடையாள அட்டையின் எண், வயது எல்லாம் ஓடியது. தொலைபேசி எண் என்ற கட்டத்தில் பேனா நின்றது. பத்தொன்பது பேரில் பதினொரு பேரிடம் போன் இல்லை. எண் இல்லாத பாரத்தைக் கிளினிக்கில் ஏற்க மாட்டார்கள், முடிவை எங்கே சொல்வது? காலிக் கட்டம் பதினொன்று. குணபூசணி தன் எண்ணையே பதினொரு தடவை எழுதினாள், ஏழுக்கு நடுவே கோடு போட்டு.

எழுதியதோடு விடவில்லை. ஒவ்வொருத்தியிடமும் ஒரு வாக்கும் கொடுத்தாள்.

"பயப்பட வேண்டாம். ஏதாவது இருந்தால் கிளினிக்கில் இருந்து எனக்குக் கூப்பிடுவினம். நான் உங்களைத் தேடி வந்து சொல்லுவன். கூப்பிடாவிட்டால் ஒன்றுமில்லை. நிம்மதியாய் இருங்கோ."

நீலத் தொப்பி போட்ட பெண் ஒருத்திதான் திருப்பிக் கேட்டாள். ஐம்பது வயதிருக்கும். குளித்த தலைமேலும் அந்தத் தொப்பியைத்தான் கவிழ்த்திருந்தாள். வாசுவின் கடையில் தட்டு கழுவுகிறவள். சங்கத்துக்காரர்கள் அவளைத் தொப்பியம்மா என்று கூப்பிடுவார்கள்.

"உங்க நம்பர் என்ன ஆன்டி? சொல்லுங்க, வச்சுக்கிறேன்."

குணபூசணி ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தாள். தொப்பியம்மா அதைப் பார்த்து உதட்டை அசைத்து நாலைந்து முறை சொல்லிக்கொண்டாள்.

"பேப்பர் மழையில நனைஞ்சிரும்," என்றாள். அவ்வளவுதான், வேன் ஏறிப் போய்விட்டாள்.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம். குணபூசணி வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத எண். இந்த ஊரில் தெரியாத எண் என்றால் இப்போதெல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்றுதான் அர்த்தம். பக்கத்து வீட்டு இராஜம்மாவை யாரோ ஆஸ்பத்திரியிலிருந்து பேசுவதாகச் சொல்லித்தான் ஏமாற்றினார்கள். அன்றிலிருந்து குணபூசணியின் மகள் சிந்துஜா, யார் கூப்பிட்டாலும் ஐசி எண்ணைச் சொல்லாதே, கேட்டால் உடனே பிளாக் பண்ணு என்று பாடம் நடத்தியிருந்தாள்.

மறுமுனையில் ஒரு பெண் குரல் மலாயில் மரியாதையாகக் கேட்டது: அய்யாவு மகள் தனலெட்சுமிதானே பேசுவது? கிளினிக்கிலிருந்து கூப்பிடுகிறோம், சரிபார்க்க ஐசியின் கடைசி நான்கு எண்களைச் சொல்ல முடியுமா?

தனலெட்சுமியாவது, அய்யாவுவாவது. குணபூசணிக்குச் சுர்ரென்று ஏறியது. அரசாங்க அலுவலகத்து மலாயில், ஒரு சொல் பிசகாமல், வேறு வேலை பார்த்துப் பிழைக்கத் தெரியாதா என்று ஆரம்பித்து, போலீஸ் வரைக்கும் போய் நிறுத்தினாள். எண்ணை பிளாக் செய்தாள். அடுத்த வாரம் அதே மாதிரி இன்னொரு எண். அதையும் செய்தாள். அதற்கப்புறம் ஒரு கைப்பேசி எண்ணிலிருந்து மூன்று முறை வந்தது. எடுக்காமலே அதையும் அடைத்தாள். குடும்ப வாட்சாப் குழுவில், இன்றைக்கு ஒரு ஏமாற்றுக்காரியை ஓட ஓட விரட்டினேன் என்று போட்டாள். சங்கத்தில் தேநீர் வேளையில் நடித்தும் காட்டினாள். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள், சொன்னாள்.

செப்டம்பரில் அடுத்த முகாமுக்கான கூட்டம். கிளினிக்கிலிருந்து நர்ஸ் ஷாமினி ஒரு கோப்போடு வந்திருந்தாள். மெல்லிய குரல், எதையும் சுற்றி வளைக்காத பெண்.

"பதினெட்டு பேருக்குப் பிரச்சினை இல்ல. ஒருத்தவங்களுக்குப் படத்துல கட்டி தெரிஞ்சிச்சு. உடனே வரச் சொல்லணும்னு ஆறு தடவ கூப்பிட்டிருக்கோம். கிடைக்கல. முதல் தடவ எடுத்தவங்க ரொம்ப திட்டிட்டாங்களாம். ரோங் நம்பர்னு போட்டு வச்சிருக்காங்க."

பாரத்தின் நகல் மேசையைச் சுற்றி வந்தது. குணபூசணி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். கட்டத்துக்குள் அழகாக நிற்கும் எழுத்து. தனலெட்சுமி, அய்யாவு மகள். கீழே எண். அதில் இரண்டு ஏழு, இரண்டுக்கும் நடுவில் கோடு. ஓரத்தில் யாரோ சிவப்பு மையில் மலாயில் எழுதியிருந்தார்கள்: தவறான எண், கோபமாகப் பேசுகிறார், இனி அழைக்க வேண்டாம்.

ஏழுக்குக் கோடு போடுகிறவள் அந்த அறையில் அவள் ஒருத்திதான்.

"இவங்கல்லாம் வாய்க்கு வந்த ஒரு நம்பர கொடுத்துட்டுப் போயிருவாங்க," என்றார் சுகுமாறன். "நாம என்னதான் பண்றது? சரியா லா, குணபூசணி அக்கா?"

குணபூசணி தலையை ஆட்டினாள்.

அதுதான் அவளைக் கடைசிவரை விடாத விஷயம். திட்டியதைக்கூட மறந்துவிடலாம், தெரியாமல் செய்தது. இந்தத் தலையாட்டல் தெரிந்து செய்தது. அந்த எண் என்னுடையது என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தில் தேநீர் வேளைச் சிரிப்பு, நடித்துக் காட்டிய குரல், எல்லாம் மேசைமேல் வந்து உட்காரும். அதற்குப் பயந்து, ஆறு மாதமாக மார்பில் கட்டியோடு அலைகிற ஒருத்தியைப் பொய்க்காரியாக்கிவிட்டு, பிஸ்கட் தட்டை அடுத்தவரிடம் நகர்த்தினாள். நல்ல மனுஷி!

"நான் தேடிப் பார்க்கிறன்," என்று மட்டும் சொன்னாள். அதற்கும் எல்லாரும் அவளைப் பாராட்டினார்கள்.

மறுநாள் காலை, அந்தப் பெயருக்குரியவள் யார் என்று விசாரிக்க வாசுவின் ஒட்டுக்கடைக்குப் போனாள். தட்டு கழுவும் இடத்தில் வேறு ஆள் நின்றான்.

"தனலெட்சுமி எங்க தம்பி?" என்றாள். அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

"தொப்பியம்மாவா? கிள்ளானுக்குப் போய் ரெண்டு மாசமாச்சு ஆன்டி. அவங்க படுக்குற கடை வாசல் அஞ்சடிய தகரம் வச்சு அடைச்சிட்டாங்க." வாசு கரண்டியைக் கீழே வைத்தான். "நீங்கதான் அந்த போன் ஆன்டியா? என் போன்ல இருந்து உங்களுக்கு மூணு வாட்டி அடிச்சாங்களே. நீங்க எடுக்கல."

குணபூசணி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எதுக்கு அடிச்சவ?"

"மாருல கட்டி தட்டுப்படுதுன்னாங்க. வலிக்குதுன்னாங்க. கிளினிக் போங்கன்னு நானும் சொன்னேன். கேக்கல. ஏதாச்சும் இருந்தா ஆன்டி தேடி வருவாங்க, கூப்பிடலேன்னா ஒன்னுமில்லன்னு ஆன்டி சொல்லியிருக்காங்கன்னு ஒரே பிடிவாதம். நீங்க போன எடுக்காததே நல்ல சேதிதான்னு சிரிச்சாங்க."

அவன் தே தாரேக் வேண்டுமா என்று கேட்டான். அவள் அதற்குள் எழுந்து நடந்துவிட்டாள்.

சென்ட்ரல் நிலையத்தில் ரயில் ஏறினாள். கிள்ளான் போய்ச் சேரும் வரை, என்ன சொல்வது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்தாள். அந்தப் போனை எடுத்துத் திட்டினது நான்தான். இதில் கஷ்டமான சொல் ஒன்றுமில்லை. ஷா ஆலம் வருவதற்குள் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது.

கோயில் அன்னதான வரிசை, பேருந்து நிறுத்தம் என்று விசாரித்து, ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கச் சந்தில் நீலத் தொப்பியைப் பார்த்தாள். தனலெட்சுமி குந்தி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வெயிலிலும் மூன்று சட்டை போட்டிருந்தாள், கழற்றி வைத்தால் தொலைந்துபோகும் என்று. நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம் முகம் மலர்ந்தது. அடுத்த கணமே அது அப்படியே வாடிப்போனது.

"வந்துட்டீங்களா ஆன்டி," என்றாள். "அப்ப இருக்குதா?"

ஏதாவது இருந்தால் தேடி வருவேன் என்பது குணபூசணி கொடுத்த வாக்கு. வந்து நின்றதே பதிலாகிவிட்டது.

தனலெட்சுமி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். வலது கையை மட்டும்தான் முழுதாக அசைத்தாள், இடது கை உடம்போடு ஒட்டியே இருந்தது.

"இவ்வளவு நாளாச்சே ஆன்டி. நான் ஒன்னுமில்லன்னு நெனச்சிட்டேன்."

இப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"ரிப்போர்ட் இப்பதான் வந்தது. அவையள் பிந்திப்போட்டினம்."

"ஐயோ பாவம், அதுக்காக நீங்க இந்த வெயில்ல இவ்வளவு தூரம் வந்தீங்களா? சாப்பிட்டீங்களா ஆன்டி?"

அந்தக் கேள்விக்குக் குணபூசணி கூசிக் குறுகிப்போனாள். சாப்பிட்டேன் என்று அடுத்த பொய்யையும் சொன்னாள். ஒரு பொய்க்கு இன்னொன்று துணை வரத்தானே செய்யும்.

வாடகைக் காரில் சுங்கை வேக்குப் போனார்கள். ஷாமினி பணியில் இருந்தாள். வரிசையில் நிறுத்தாமல் நேரே டாக்டரிடம் கூட்டிப்போனாள். குணபூசணியும் கூடவே உட்கார வேண்டும் என்று தனலெட்சுமி கையைப் பிடித்துக்கொண்டாள். திரைக்குப் பின்னால் பரிசோதனை நடந்தது. டாக்டர் நடுத்தர வயது மலாய்ப் பெண்மணி. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். எதையும் மறைக்கவில்லை. மார்ச் மாதப் படத்தில் பட்டாணி அளவுதான் இருந்தது, இப்போது எலுமிச்சை அளவு, அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறது, இனிமேலும் வைத்தியம் உண்டு, ஆனால் சின்ன ஆப்பரேஷனோடு முடிந்திருக்க வேண்டியது இப்போது மார்பையே எடுக்கும்படி ஆகலாம், மருந்து ஏற்ற வேண்டும், பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்றே எழுதுகிறேன் என்றார்.

பிறகு கொஞ்சம் வருத்தத்தோடு கேட்டார். "நாங்கள் கூப்பிட்டபோதே ஏன் வரவில்லை, அம்மா?"

"யாரும் கூப்பிடல டாக்டர்," என்றாள் தனலெட்சுமி, தனக்குத் தெரிந்த கடைத்தெருப் பாசார் மலாயில்.

டாக்டர் கோப்பைத் திருப்பினார். "ஆறு தடவை கூப்பிட்டதாக இருக்கிறதே."

தனலெட்சுமிக்கு முகம் சிவந்தது. தெருவில் கிடக்கிறவள் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள் என்ற பயம் அது. குணபூசணிக்கு அது நன்றாகவே தெரிந்தது. தனலெட்சுமி ஆதரவுக்காக அவள் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க ஆன்டி. ரிப்போர்ட் இப்பதான வந்துச்சு?"

பொய்க்குச் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறாள், அது பொய் என்று தெரியாமலே.

"ஏதோ குழப்பம் நடந்திருக்குது டாக்டர்," என்றாள் குணபூசணி. அவ்வளவுதான் வந்தது.

வெளியே கவுண்டரில் ஷாமினி கணினி முன்னால் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்கான கடிதத்தைத் தயார் செய்தாள்.

"நாள் குறிச்சதும் அவங்க நேரா உங்களக் கூப்பிடுவாங்க. இந்த தடவ விட்டுடக் கூடாது. நம்பர் சொல்லுங்க அக்கா."

தனலெட்சுமி நிமிர்ந்து நின்றாள். தாளில்லை, யோசிக்கவில்லை. ஸீரோ ஒன் என்று தொடங்கி, பத்து இலக்கத்தையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கும் சுத்தத்தோடு சொல்லி முடித்தாள். குணபூசணியின் எண். பெயரைக்கூட ஞாபகம் வைக்காதவளின் எண்ணை அவள் ஆறு மாதம் தெருவில் படுத்தபடி மனத்தில் வைத்திருந்தாள்.

ஷாமினியின் கை நின்றது. "அக்கா, இது ரோங் நம்பர்னு இருக்கே. இதுல எடுத்தவங்கதான் திட்டினாங்களாம்."

"இல்ல லா, இது ஆன்டியோட நம்பர்," என்று தனலெட்சுமி சிரித்தாள். "ஆன்டி யாரயும் திட்டமாட்டாங்க. வேணும்னா அடிச்சுப் பாருங்க."

ஷாமினி குணபூசணியைப் பார்க்கவில்லை. கவுண்டர் போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். மூவரும் காத்திருந்தார்கள். தனலெட்சுமியின் கண் குணபூசணியின் கைப்பையிலேயே இருந்தது. பையில் சத்தமே இல்லை.

"அடிக்கலையே ஆன்டி."

"அடிக்காது," என்றாள் குணபூசணி.

போனை வெளியே எடுத்தாள். அடைத்து வைத்த எண்களின் பட்டியலைத் தேடிக் கண்டுபிடித்து, கவுண்டர்மேல் வைத்தாள்.

"இது கிளினிக் நம்பர். இது கிளினிக்கின்ர மற்ற நம்பர். இது வாசுவின்ர போன், நீங்கள் எனக்கு அடிச்சது. எல்லாத்தையும் அடைச்சது நான்தான். அவையள் தனலெட்சுமி எண்டு கேட்டவை. உங்கட பேர் எனக்குத் தெரியேல்ல. கையால எழுதினனான், ஆனால் தெரியேல்ல. களவாணியள் எண்டு நினைச்சுத் திட்டினது நான். அதைச் சொல்லிச் சங்கத்தில எல்லாரையும் சிரிக்க வச்சனான். ரிப்போர்ட் பிந்தி வரேல்ல. ஏப்ரலிலேயே கூப்பிட்டுட்டினம்."

தனலெட்சுமி திட்டியிருந்தால் குணபூசணிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த நிம்மதி கிடைக்கவில்லை. தனலெட்சுமி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, திரும்பவும் போட்டுக்கொண்டாள். இடது கை மெல்ல எழுந்து மார்புப் பக்கம் போய், பாதியில் நின்றது.

"ஏப்ரலா?" என்றாள்.

"ஓம்."

"அப்ப பட்டாணி அளவுதான் இருந்திருக்கும்."

குணபூசணிக்குக் கண்ணீர் வந்தது. அதுவும் அவமானமாக இருந்தது. அழ வேண்டியவள் அழவில்லை, இவளுக்கு என்ன அழுகை என்று தோன்றி, முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பட்டியலில் இருந்த எண்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

ஷாமினி மெதுவாகக் கேட்டாள். "வேற நம்பர் ஏதாச்சும் இருக்கா அக்கா? மகன், மக, தெரிஞ்சவங்க?"

தனலெட்சுமி நெடுநேரம் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், யாராவது இருக்கிறார்களா என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"இல்ல," என்றாள் கடைசியில். "அதயே எழுதுங்க. எனக்கு வேற நம்பர் இல்ல."

ஷாமினி எழுதினாள். பிறகு, சரிபார்ப்பதற்காக, கவுண்டர் போனை எடுத்து மறுபடியும் அந்த எண்ணை அழுத்தினாள். மேசைமேல் கிடந்த போன் பெரிய சத்தத்தோடு அலறியது. குணபூசணி அதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

தனலெட்சுமி போனை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"அடிக்குது," என்றாள். "எடுங்க ஆன்டி."